கல்லும் கயிறும் கடற்கட்டியும்
மன்னார்ச் சலாபத்தில் குளியாளின் உயிர்க்காப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தின் வடமேற்குக் கரையோரம் முத்தினாற் புகழ்பெற்றது. மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி எனத் தொடரும் வறண்ட மணற்கரையை நோக்கி, ஈராயிரம் ஆண்டுகளாக வணிகரும் அரசரும் தம் கண்களைத் திருப்பி வந்துள்ளனர். அக்கரைக்கு அப்பால் உள்ள முத்துப்பார்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. முத்தின் விலை, சிப்பியின் தொகை, அரசு பெற்ற வருமானம் ஆகியன ஆண்டுவாரியாகக் கணக்கிடப்பட்டுள்ளன. ஆயின், அம்முத்தை எடுக்கக் கடலடிக்குச் சென்ற மனிதனின் உயிருக்கு என்ன காப்பு இருந்தது, அதற்கென விதிகள் இருந்தனவா, இருந்தால் அவற்றை விதித்தவர் யார் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. அவ்வினாவை எழுப்பி, கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்துக்குளிப்பின் பழைமைக்குத் தமிழ் இலக்கியம் சான்று பகரும். கொற்கை முத்தின் சிறப்பைச் சங்கச் செய்யுட்கள் பேசுகின்றன. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற் பெரிப்புளூசு’ என்னும் கிரேக்க நூலும் பாண்டியரின் கொற்கையைக் குறிப்பிடுகின்றது. அந்நூல் தரும் செய்தி ஒன்று ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. கொற்கைக் கடலில் முத்தெடுத்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்பதே அது. முத்து மன்னர் மார்பை அணிசெய்தது. அதை எடுக்கும் தொழிலோ தண்டனையாக விதிக்கத்தக்க அளவுக்குக் கொடியதென அக்காலத்தவர் கருதினர். பொருளின் மதிப்பிற்கும் அதைத் தேடுவோன் உயிரின் மதிப்பிற்கும் இடையிலான இந்த முரண், பிற்கால வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

தொழிலின் தன்மையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டிக் கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்களே சலாபத்துக்குரிய காலம். நள்ளிரவை அண்மித்து வீசும் தரைக்காற்றில் தோணிகள் கரையை விட்டுப் புறப்படும். விடியும் வேளையில் பாரை அடைந்ததும் குளிப்பு ஆரம்பமாகும். நண்பகலளவில் கண்காணிப்புக் கப்பலிலிருந்து அடையாளம் காட்டப்பட்டதும் குளிப்பு நிறுத்தப்பட்டு, கடற்காற்றில் தோணிகள் கரை திரும்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சலாபத்தைக் கண்ட றொபேட் பேர்சிவல், ஒரு தோணியில் பத்துக் குளியாட்கள் இருந்தனர் என்றும், ஐவர் மேலே இளைப்பாற ஐவர் கீழே இறங்கினர் என்றும் எழுதியுள்ளார். இவ்வாறு இருவருக்கு ஒரு கல் என்னும் முறை நிலவியது.

குளியாள் ஏறத்தாழ 30 இறாத்தல் எடையுள்ள கல்லில் காலை ஊன்றி, மூச்சை இழுத்து அடக்கி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவான். ஐந்து முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்தில் நிலத்தைத் தொட்டதும் கல்லை விட்டுவிட, மேலே நிற்பவன் அதை இழுத்துக்கொள்வான். குளியாள் சிப்பிகளை வாரிக் கழுத்திலோ கயிற்றிலோ தொங்கும் வலைப்பையில் இட்டு, கயிற்றைச் சுண்டி அடையாளம் காட்டுவான். அவனை மேலே இழுப்பவன் கயிறு பிடிப்பவன். நீரினுள் இருக்கும் நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டியதே. ஆனால் அந்த ஒரு நிமிடம் ஒரு நாளில் நாற்பது, ஐம்பது தடவை திரும்பத் திரும்ப வரும்.

இதில் உடலுக்கு நேர்வது யாது? கடலில் பத்து மீற்றர் ஆழத்துக்கு இறங்கினால் உடலின் மீதுள்ள அழுத்தம் இருமடங்காகும். ஒன்பது பாக ஆழத்தில் அது கடல்மட்ட அழுத்தத்தின் இரண்டரை மடங்கையும் தாண்டும். நெஞ்சினுள் அடக்கிய காற்று அதற்கேற்பச் சுருங்கும். செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படும். குளியாட்களின் வாய், மூக்கு, செவி ஆகியவற்றிலிருந்து நீரும் சில வேளைகளில் இரத்தமும் வெளிவந்ததைப் பழைய நூலாசிரியர் குறித்துள்ளனர். அவர்கள் அதைத் தொழிலின் இயல்பாகவே கொண்டு எழுதிச் செல்கின்றனர். மூச்சை அடக்கி மேலே வரும்போது, நீர்மட்டத்தை அண்மிக்கும் தறுவாயில் மூளைக்கு ஒட்சிசன் போதாமல் நினைவிழப்பதும் உண்டென இக்கால மருத்துவம் அறியும். பசிபிக் சமுத்திரத்தின் துவாமோத்துத் தீவுகளில், மூச்சடக்கிப் பன்முறை இறங்கும் முத்துக் குளியாட்களைத் தாக்கும் தலைச்சுற்று, முடக்குவாதம், நினைவிழப்பு முதலியவற்றை அத்தீவினர் ‘தரவனா’ என்னும் சொல்லால் வழங்கினர். 1965ஆம் ஆண்டில் குறொஸ் என்பார் எழுதிய கட்டுரை வாயிலாகவே அந்நோய் மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது. ஆகவே ஒருமுறை இறங்குவது மட்டும் ஆபத்தன்று. போதிய இளைப்பாறுதலின்றிப் பலமுறை இறங்குவதே பேராபத்தாகும்.

இத்தகைய தொழிலை ஆண்ட அரசுகள் எவற்றை விதிகளாக்கின? போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. இவ்விரு ஆட்சிகளிலும் முத்துக்குளிப்பின் வரி ‘கல்’ என்னும் அலகினால் அளவிடப்பட்டது. எத்தனை குளிக்கற்கள் தோணிகளில் செல்கின்றனவோ அத்தனைக்கும் வரி உண்டு. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியின்றிக் குளிக்கும் உரிமை இத்தனை கற்கள் என்றே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. குளியாளைக் கடலடிக்கு இழுத்துச் செல்லும் அதே கல்லே அரசின் கணக்கேட்டில் அவனுக்குரிய அடையாளமாக நின்றது. கல் எண்ணப்பட்டது, அதில் கால் வைத்தவன் எண்ணப்படவில்லை.

1795இல் பிரித்தானியர் மன்னாரைக் கைப்பற்றினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே அரிப்புச் சலாபங்கள் பெரும் வருமானத்தை ஈட்டின. முதலாவது தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த், சலாபத்தை நேரிற் கண்காணிக்க அரிப்பில் ஒரு மாளிகையை எழுப்பினார். கடலரிப்புக்கு இரையாகி இடிந்து நிற்கும் அதன் சுவர்களை இன்றும் காணலாம். 1811ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, முத்துப்பார்களை அண்டிக் காரணமின்றி நடமாடும் படகுகளைப் பறிமுதல் செய்ய அதிகாரம் அளித்தது. கடலடியிலிருந்த இளஞ்சிப்பிகளைக் காத்தலே அதன் கருத்து. கரையில் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியிட்ட வெளியில் சிப்பிகள் எண்ணப்பட்டன. ஒவ்வொரு தோணியின் சிப்பியும் சம குவியல்களாகப் பிரிக்கப்பட்டு, அரசுப் பங்கு மாலையில் ஏலமிடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நான்கிலொரு பங்கும் பின்னர் மூன்றிலொரு பங்கும் தோணியில் வந்தோருக்கு உரியனவாயின. அப்பங்கையே குளியாளும், கயிறு பிடிப்பவனும், ஏனையோரும் தம்முள் பகிர்ந்துகொண்டனர்.

பிரித்தானிய நிருவாகம் உயிர்களைப் பற்றிச் சிறிதும் எண்ணவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. சலாபக் காலத்தில் மரிச்சுக்கட்டி போன்ற வெறும் மணல்வெளியில் பல்லாயிரம் மக்கள் கூடும் நகரமொன்று ஓலையாலும் தடியாலும் எழுந்தது. அங்கே குடிநீர், துப்புரவு, காவல், மருத்துவமனை ஆகியன ஏற்பாடு செய்யப்பட்டன. வாந்திபேதி பரவினால் சலாபமே கலைந்துவிடும் என்னும் அச்சம் நிருவாகிகளை விடாது வாட்டியது. ஆயினும் இவ்வேற்பாடுகள் யாவும் கரைக்குரியன, கூட்டத்துக்குரியன. கடலுக்குள் இறங்கும் தனிமனிதன் ஒரு நாளில் எத்தனை முறை இறங்கலாம், செவியில் இரத்தம் கசிந்தவன் எத்தனை நாள் கரையில் இருத்தல் வேண்டும், அந்நாட்களில் அவனுக்கு உணவளிப்பவர் யார் என்பன அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவையாகவே இருந்தன. நண்பகல் அடையாளம் ஒன்றே வேலைநேரத்துக்கு எல்லை வகுத்தது. அதுவும் காற்றின் போக்கையும் கொட்டில் எண்ணும் பணியையும் ஒட்டி அமைந்ததாகும்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். குளியாள் தன் உடல்நிலையை அறியானா? களைத்தால் தானே நிறுத்திக்கொள்ளலாகாதா? இங்கேதான் பங்கு முறையின் இயல்பை நோக்குதல் வேண்டும். சலாபம் நடைபெறுவது சில வாரங்களே. அதுவும் எல்லா ஆண்டுகளிலும் இல்லை. 1838 முதல் 1854 வரையும், பின்னர் 1892 முதல் 1902 வரையும் சலாபமே நிகழவில்லை. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கடல் கடந்து வந்தவனுக்கு ஒரு நாளின் சிப்பி என்பது ஒரு நாட் கூலியன்று, ஓராண்டின் நம்பிக்கை. பலர் வரும்போதே முற்பணம் பெற்றுக் கடனாளியாக வந்தனர். செவி நோகின்றது எனக் கூறி மேலே அமர்பவன் தன் பங்கை மட்டுமன்றி, கயிறு பிடிப்பவனின் பங்கையும் சம்மாட்டியின் பங்கையும் குறைக்கின்றான். ஆகவே நிறுத்தினால் இழப்பவனிடமே நிறுத்தும் பொறுப்பும் விடப்பட்டிருந்தது. அத்தகைய பொறுப்பு பெயரளவிலேயே பொறுப்பாகும்.

ஆயினும் மன்னார்ச் சலாபத்தில் ‘இன்று இறங்கலாகாது’ எனக் கூறும் அதிகாரம் படைத்த ஒருவர் இருந்தார். அவரே கடற்கட்டி. கடலைக் கட்டுபவர், அதாவது மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவர் என்பது இச்சொல்லின் பொருள். இவ்வழக்கம் மிகப் பழைமையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோரை வணிகர்கள் அழைத்துச் சென்றனர் என்றும், எடுத்தவற்றில் இருபதிலொரு பங்கை அவர்களுக்கு அளித்தனர் என்றும் கூறுகின்றார். அரசனுக்குரியது பத்திலொரு பங்கு எனின், மந்திரவாதி அரசன் பெற்றதில் பாதியைப் பெற்றான் என்பது தெளிவு. இரவில் மந்திரக்கட்டு அவிழ்க்கப்பட்டது என்றும் அவர் குறிப்பிடுவார். அதனால் இரவில் எவரும் திருட்டுத்தனமாகக் குளிக்கத் துணியவில்லை.

பிரித்தானியர் காலத்திலும் கடற்கட்டி இன்றிக் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தனர். எனவே பகுத்தறிவு பேசிய நிருவாகமும் அவருக்கு ஊதியம் வழங்க வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சலாபத்தைப் பார்வையிட்ட குடியேற்றநாட்டுச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியான தம் நூலில் இதுபற்றிச் சுவையான செய்திகளைத் தருகின்றார். கடற்கட்டிப் பதவி ஒரு குடும்பத்தின் பரம்பரை உரிமை. அக்காலத்தில் அக்குடும்பத் தலைவர் கத்தோலிக்கராக இருந்தும் அவரது மந்திரத்தின் வலிமை குறைந்ததாக எவரும் கருதவில்லை. ரெனன்ற் சென்ற வேளையில் கடற்கட்டி நோயுற்றிருந்தமையால் ஒரு பதிலாளை அனுப்பியிருந்தார். தனக்கு மந்திரம் தெரியாதென்றும், ஆயினும் தான் அங்கே பதிலாளாக நிற்பதையே சுறாக்கள் மதிக்குமென்றும் அவர் கூறினாராம். ரெனன்ற் இதை நகைச்சுவையாகவே எழுதினார். சுறாவினால் விளைந்த விபத்துகள் மிக அரியன என்பதையும் அவரே பதிவு செய்துள்ளார்.

இந்நிகழ்ச்சியை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. சுறா மந்திரத்துக்குக் கட்டுப்படாது என்பதில் ஐயமில்லை. ஆயின் கடற்கட்டி என்னும் அமைப்பைச் சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். கடற்கட்டி குளியாளல்லர், சம்மாட்டியுமல்லர், வணிகருமல்லர். ஒரு தோணி மற்றத் தோணியைவிட அதிகம் எடுப்பதால் அவருக்குத் தனிப்பட்ட ஆதாயம் இல்லை. அவர் சொல்லின்றி எவரும் இறங்குவதில்லை. சுறா தென்பட்டதென்றால் எல்லாத் தோணிகளும் ஒருங்கே நின்றன. அதனால் எந்தக் குளியாளும் கோழை எனப் பெயரெடுக்கவில்லை; எவனுடைய பங்கும் மற்றவனுடையதற்குக் குறையவில்லை. தொழிலின் பேராசைக்கு வெளியே நின்று, தொழிலை நிறுத்தும் அதிகாரம் பெற்ற ஒருவர் வேண்டும் என்பதை இக்கடலோர மக்கள் உணர்ந்திருந்தனர். அவர்களது அறிவு பிழைத்தது ஆபத்தைக் கணிப்பதில்தான். அரிதாக வரும் சுறாவுக்குக் காவல் வைத்த சமூகம், நாள்தோறும் நாற்பது முறை வந்த நீரழுத்தத்துக்குக் காவல் வைக்க அறியவில்லை. பிரித்தானியர் நிலையோ இதனினும் வேறானது. அவர்கள் மந்திரத்தை நகைத்தனர். ஆனால் அம்மந்திரவாதி நின்ற இடத்தில் ஒரு மருத்துவரை நிறுத்தவில்லை. பாரிசில் 1863இல் மேடையேறிய பிசேயின் ‘முத்துக் குளிப்போர்’ என்னும் இசை நாடகம் ஈழத்தைக் களமாகக் கொண்டது. அதிலும் குளியாட்களைக் காக்க ஒரு பெண் பூசகி பாறைமீது நின்று வேண்டுகின்றாள். ஐரோப்பா இவ்வழக்கத்தை அழகிய கற்பனையாகக் கண்டது. அதன் பின்னிருந்த தேவையைக் காணவில்லை.

கடற்கட்டிக்கு அடுத்துக் குளியாளின் உயிரைக் காத்தவன் கயிறு பிடிப்பவனே. கடலடியிலிருந்து வரும் ஒரு சுண்டலை உணர்ந்து அக்கணமே இழுக்கும் அவனது கையே நடைமுறையில் இருந்த ஒரே பாதுகாப்புச் சாதனம். அரபுக் குளியாட்கள் கொம்பினாற் செய்த மூக்குக் கவ்வியை அணிந்தனர். தமிழ்க் குளியாட்கள் கையினாலேயே மூக்கைப் பொத்தினர். ஒரே கடலில் ஒரே பருவத்தில் அருகருகே குளித்த இரு சாராரிடையே இச்சிறு கருவியைப் பொதுவாக்கும் முயற்சி கூடப் பெரிதாக நிகழவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவியல் மன்னாருக்கு வந்தது. சலாபம் நீண்டகாலம் பொய்த்தமையால் இலங்கை அரசாங்கம் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேட்மனை 1902இல் வரவழைத்தது. அவரது உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை அவ்வறிக்கை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. சிப்பியின் உறுப்புகள், உணவு, நோய், பகைகள், முத்து உருவாகும் காரணம் என அனைத்தும் நுணுகி ஆராயப்பட்டன. குளியாளின் செவியையும் நுரையீரலையும் அவ்வாறு ஆராயும் ஐந்து தொகுதிகள் எழுதப்படவில்லை. 1905ஆம் ஆண்டுச் சலாபம் வரலாற்றிலேயே மிகப் பெரியது. ஏறத்தாழ 5,000 குளியாட்கள் எட்டுக் கோடிச் சிப்பிகளை எடுத்தனர். அரசாங்கம் 25 இலட்சம் ரூபாய் வரையில் வருமானம் பெற்றது. 1906இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி மறைந்தது. சில ஆண்டுகளில் கம்பனியும் கலைந்தது. 1925இலும் 1958இலும் நடந்த சிறு முயற்சிகள் பழைய சிறப்பை மீட்கவில்லை.

1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனாட் வுல்ஃப், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் ஓர் அரபுக் குளியாளின் இறப்பைப் பதிவு செய்துள்ளார். சடலம் மாலையில் கரைக்குக் கொண்டுவரப்பட்டது. இறந்தவனின் சகோதரன் மணலில் அமர்ந்து அழுதான். தோழர்கள் சுற்றி நின்றனர். அதிகாரியின் மனத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துவிட்ட காட்சி அது. ஆயின் அம்மரணம் எந்த விதியையும் மாற்றியதாகத் தெரியவில்லை. அடுத்த நாட் குளிப்பு வழக்கம்போலவே நடந்திருக்கும். சலாபத்தில் துக்கத்துக்கு இடமிருந்தது, விசாரணைக்கு இடமிருக்கவில்லை.

காலத்தின் ஓர் முரண் ஈண்டுச் சுட்டத்தக்கது. அழுத்தக் காற்றைச் சுவாசிப்போர் விரைந்து மேலே வருகையில் குருதியில் நைதரசன் குமிழ்கள் தோன்றுவதைப் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878இலேயே விளக்கியிருந்தார். எந்த ஆழத்திலிருந்து எத்தனை படிகளில், எவ்வளவு நேரம் தங்கி மேலே வருதல் வேண்டும் என்னும் அட்டவணையை ஹோல்டேனும் அவரது துணைவரும் 1908இல் வெளியிட்டனர். சுழியோடியின் உயிரை எண்களாற் காக்கும் முதல் விதிகள் இவை எனலாம். மன்னாரின் பெருஞ்சலாபங்கள் முடிந்த மறு ஆண்டே இவை பிறந்தன. விதி பிறந்தவுடன் உயிர் காக்கப்பட்டுவிடும் என்பதும் இல்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் புறூம் நகரில் முத்துச்சிப்பி எடுக்கத் தலைக்கவச உடையுடன் இறங்கிய யப்பானியர் பலர், அழுத்த நோயாலும் புயலாலும் மாண்டனர். 900க்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்ட அந்நகரின் யப்பானிய இடுகாடு அதற்குச் சான்றாக நிற்கின்றது. அட்டவணை நூலில் இருந்தது. கப்பல் முதலாளியின் அவசரமோ கடலில் இருந்தது.

அதே அவுஸ்திரேலியாவில் இன்று நிகழும் ஒரு மாற்றம் மன்னார் வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவும். றக்பி லீக் என்னும் தொழில்முறை விளையாட்டு 1895இல் இங்கிலாந்தின் வடபகுதியில், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தோர் விளையாடச் செல்வதால் இழந்த கூலிக்கு ஈடு கேட்ட வழக்கிலிருந்து பிறந்தது. அதாவது உடலை விலையாக்கும் உழைப்பு என்பது அதன் பிறப்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் மோதலில் தலை அதிர்ந்த வீரன் தள்ளாடி எழுந்து மீண்டும் ஆடுவதே வீரம் என நெடுங்காலம் போற்றப்பட்டது. வெளியேறினால் இடம் பறிபோகும் என்பதை அவனும் அறிவான். அவனது குழுவும் அறியும். 2014இல் அவுஸ்திரேலியாவின் தேசிய லீக், மூளையதிர்ச்சி ஐயம் எழுந்தவனைக் களத்திலிருந்து அகற்றிச் சோதிக்கும் விதியைக் கொணர்ந்தது. 2019இல் முன்னாள் வீரர் இருவரின் மூளையில், தொடர் அடியால் விளையும் சிதைவு நோய் இருந்ததை அந்நாட்டு ஆய்வாளர் வெளியிட்டனர். 2022இல், எந்தக் குழுவையும் சாராத மருத்துவர் ஒளித்திரையில் ஆட்டத்தைக் கண்காணித்து வீரனை வெளியேற்றும் முறை வந்தது. மூளையதிர்ச்சி உறுதியானவன் பொதுவாகப் பதினொரு நாட்களேனும் ஆடாதிருத்தல் வேண்டும் என்றும் ஆயிற்று.

இம்மாற்றங்களின் உட்கருத்து யாது? ‘உனக்கு நலமா?’ என வீரனைக் கேட்பது போதாது என்பதே. அவன் ‘நலம்’ என்றே சொல்வான். சொல்லும்படியாகவே அவன் வாழ்வு அமைந்துள்ளது. ஆகவே நிறுத்தும் அதிகாரம் நிறுத்தினால் இழப்பு இல்லாதவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒளித்திரை முன் அமர்ந்த அந்த மருத்துவர் நிற்கும் இடம், அரிப்புக் கரையில் கடற்கட்டி நின்ற இடமேயாகும். ஒருவரிடம் மந்திரம் இருந்தது. மற்றவரிடம் மருத்துவ அறிவு இருக்கின்றது. இருவரும் பெற்ற அதிகாரத்தின் வடிவம் ஒன்றே.

இவ்வொப்பீடு வெறும் அறிவுப் பயிற்சியன்று. முத்து மறைந்தாலும் மன்னார்க் கடலில் குளிப்புத் தொழில் மறையவில்லை. சங்கும் கடலட்டையும் தேடி இன்றும் சுழியோடிகள் இறங்குகின்றனர். மூச்சடக்கி இறங்கிய காலம் போய், அழுத்தக் காற்று நிரப்பிய உருளையை முதுகிற் கட்டி இறங்கும் காலம் வந்துள்ளது. ஒரு நிமிடம் நீரில் இருந்தவனின் வழித்தோன்றல் இன்று பல நிமிடங்கள், ஒரு நாளில் பல உருளைகள் தீரும் வரை ஆழத்தில் இருக்கின்றான். ஹோல்டேன் கணக்கிட்ட நைதரசன் ஆபத்து இப்போதுதான் முழு வலிமையோடு இக்கரைக்கு வந்துள்ளது. மூட்டு வலி, கால் மரத்தல், இடுப்புக்குக் கீழ் செயலிழத்தல் ஆகியன இத்தொழிலுக்குரிய நோய்கள். இவற்றுக்குரிய சிகிச்சை அழுத்த அறையில் அளிக்கப்படுவது. அத்தகைய வசதி தீவின் மறுகரையிலுள்ள திருகோணமலையில் கடற்படையினரிடம் உள்ளது. மன்னாரில் கால் மரத்துக் கரையேறுபவனுக்கு அது அண்மையில் இல்லை.

விதிகளும் இல்லாமலில்லை. சங்கு குளிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். குறித்த விட்டத்துக்குக் குறைந்த சங்கை எடுத்தல் குற்றம். கடல்வளத்தைக் காக்கும் இவ்விதிகள் இன்றியமையாதனவே. ஆயின் 1811ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி சிப்பியைக் காத்தது போலவே இவையும் சங்கைக் காக்கின்றன என்பதை மறத்தலாகாது. சங்கின் விட்டத்தை அளக்கும் அளவுகோல் கரையில் இருக்கின்றது. குளித்தவன் எத்தனை நேரம் எவ்வளவு ஆழத்தில் இருந்தான் என்பதை எழுதிவைக்கும் ஏடும், ‘இன்று உனக்குப் போதும்’ எனக் கூறும் குரலும் அவ்வாறே கரையில் இருத்தல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், மன்னார்ச் சலாபத்தின் நீண்ட வரலாற்றில் குளியாளின் உயிரை மூன்று பொருள்கள் தாங்கி நின்றன எனலாம். கல் அவனை ஆழத்துக்குக் கொண்டு சென்றது. அரசு அதை எண்ணியது. கயிறு அவனை மேலே கொணர்ந்தது. தோழன் அதைப் பிடித்திருந்தான். கடற்கட்டியின் சொல் அவனை இறங்கவிடாமல் தடுக்க வல்லதாயிருந்தது. சமூகம் அதற்குக் கட்டுப்பட்டது. இம்மூன்றில் அரசுகள் பேணிக் காத்தது கல்லின் கணக்கை மட்டுமே. கயிறு பிடித்தவனின் கை தளராதிருக்கவும், தடுக்க வல்ல சொல் அறிவின் துணையோடு மீண்டும் ஒலிக்கவும் வழி காண்பதே, முத்தெடுத்து மாண்ட முன்னோருக்கு இக்கரை செலுத்தவேண்டிய கடனாகும். அக்கடன் இன்றும் தீர்க்கப்படாமலே உள்ளது.